நீலப்பள்ளத்தில் என்னைச் சாகடித்தவர்

உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணை, அச்சடித்த சாவுப் பாரம் நிரப்பி, இரண்டு சாட்சி வைத்து, வட்ட முத்திரை குத்திச் சாகடித்த கதையாசிரியர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் ராக்கெட்டுக் குமாஸ்தா. அவர் சாகடித்த பெண் நான். பெயர் அஞ்சலை, மீன்காரி முனியம்மாவின் மகள். பதினோரு வயதில் நான் நீலப்பள்ளம் என்கிற இடத்தில், மூச்சுக்காற்று தீர்ந்து செத்துப்போனதாகப் புதுச்சேரி டவுன் ரிஜிஸ்தரில் மூன்று வருஷம் எழுதியிருந்தது. அந்தப் பள்ளம் இருப்பது நிலாவில்.

அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அறுபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது, என் பல்லெல்லாம் போய்விட்டது, கோபம் மட்டும் கொஞ்சம்கூட ஆடாமல் அப்படியே இருக்கிறது. நான் எழுத்துக்கூட்டி எழுதுகிறவள். இந்த நாலு பக்கத்தை எழுத ஒன்றரை மாதம் பிடித்தது. அதற்கும் அந்த மனிதர்தான் காரணம். அதை அதன் இடத்தில் சொல்கிறேன். அவசரப்படுகிறவர்கள் வேறு பக்கத்தில் ராசிபலன் பார்த்துக்கொள்ளலாம்.

ஊர் பெயர் வேண்டாம். பாகூர் ஏரித் தண்ணீர் பாய்கிற ஊர் என்று தெரிந்தால் போதும். பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போய் மூன்று வருஷம் இருக்கும். கொடி போய்விட்டது, அவன் அச்சடித்த பாரங்கள் போகவில்லை. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசை நாங்கள் ‘மேரி’ என்போம். அந்த மேரியின் பின்கட்டில் பிறப்புப் பாரம், கல்யாணப் பாரம், சாவுப் பாரம் எல்லாம் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. புது அரசாங்கம் புதுப் பாரம் அனுப்பிவிட்டு, பழையதைக் கொளுத்தச் சொல்லிவிட்டது. பிறப்பு இறப்பு எழுதுகிற குமாஸ்தாவுக்குக் கொளுத்த மனசு வரவில்லை. நல்ல கெட்டித் தாள், ஒரு பக்கம் முழுக்க வெறுமை. அந்த வெறும் பக்கத்தில் அவர் ராக்கெட்டு விட ஆரம்பித்தார்.

ஆள் கொடுக்காப்புளி மாதிரி வளைந்து ஒல்லியாக இருப்பார். சித்திரை வெயிலிலும் கறுப்புக் கோட்டு. ஒரு பழைய சைக்கிள். அதை ஓட்டினதைவிட அதற்குக் காற்றடித்ததுதான் அதிகம். செவ்வாய்க்கிழமை எங்கள் பக்கம் சந்தை. அன்றைக்கு மத்தியானம் மேரிக்குப் பின்னால் புங்கமரத்தடியில் சைக்கிளை நிறுத்தி, இரண்டு சக்கரத்துக்கும் புஸ் புஸ் என்று காற்றடித்துவிட்டு, கோட்டுப் பையிலிருந்து தாளை எடுப்பார். உடனே சந்தைக்கு வந்த பிள்ளைகள் அத்தனையும் அங்கே ஓடும்.

வந்தவர்களையெல்லாம் உட்கார விடமாட்டார். பத்து வயது நிரம்பியிருக்க வேண்டும், பதினாலு ஆகியிருக்கக் கூடாது. “பத்துக்குக் கீழ உள்ளது பயந்துக்கும், பதினாலு ஆனது நம்பாது. எனக்கு பயப்படவும் செய்யணும், நம்பவும் செய்யணும்” என்பார். வாய்ச்சொல்லை ஏற்றுக்கொள்ள மாட்டார். உள்ளே போய்ப் பிறப்பு ரிஜிஸ்தரைப் புரட்டிப் பார்த்துவிட்டு வருவார். வாணியர் வீட்டுப் பையன் ஒருத்தன், அவன் பிறந்ததை வீட்டில் யாரும் எழுதிவைக்க மறந்துவிட்டார்கள்.

“நீ எழுந்து போடா. நீ இன்னும் பொறக்கல.”

“தோ உக்காந்துகினு கீறனே, முசே!”

“உக்காந்தா ஆச்சா? எழுதலியே.”

முசே என்பது பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன மரியாதை. பையன் அழுதுகொண்டே போனான். அன்றைக்கு நாங்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு எனக்குப் பிறகு நன்றாகக் கிடைத்தது.

கதை என்றால் சாதாரணக் கதை இல்லை. பாகூர் ஏரிக்கரையிலிருந்து ராக்கெட்டு கிளம்பும். சாராயத்தில் ஓடும். புதுச்சேரி ராக்கெட்டு வேறு எதில் ஓடும்? நிலாவில் காற்று கிடையாது என்பதால், வாய் கட்டின மண்பானைகளில் பூமிக்காற்றை அடைத்து எடுத்துப் போவார்கள். நிலாவில் உப்புமனிதர்கள் என்று ஒரு கூட்டம். உடம்பெல்லாம் வெள்ளை உப்பு, கண் மட்டும் கறுப்பு, நடந்தால் நறநற என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைத் தன் பல்லாலேயே போட்டுக் காட்டுவார். எங்களுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டுப் போகும். ராக்கெட்டின் காந்தச் சக்கரத்தை உப்புமனிதர்கள் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள், சக்கரம் இல்லாமல் யாரும் ஊர் திரும்ப முடியாது, ஒரு பானைக் காற்றுதான் பாக்கி, கதவுக்கு வெளியே நறநற, நறநற...

தொம்!

பழைய அரசாங்கத்து வட்ட முத்திரை ஒன்று வைத்திருந்தார். அதுவும் கொளுத்தச் சொன்ன சாமான்தான். உயிர் போகிற இடம் வந்ததும் அதைத் தாளில் ஓங்கிக் குத்துவார். அவ்வளவுதான். மண்டியிட்டுக் கெஞ்சினாலும் அடுத்த செவ்வாய் வரைக்கும் வாயைத் திறக்க மாட்டார். அந்த ஏழு நாளும் எங்களுக்குச் சோறு இறங்காது. என்ன மனிதர் சொல்லுங்கள்! பத்து வயதுப் பிள்ளைகளைப் பட்டினி போட்டவர்.

அந்தச் சமயத்தில்தான் ரஷ்யாக்காரன் ஒரு நாயை வானத்துக்கு அனுப்பினான். அது செத்துவிட்டது என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். குமாஸ்தாவுக்கு வந்ததே கோபம்.

“யாரு சொன்னது செத்துதுன்னு? எவன் கூட இருந்து பாத்தான்? எவன் கையெழுத்துப் போட்டான்? சாட்சி இல்லாத சாவு சாவே இல்லப்பா! அந்த நாயி இன்னிக்கும் மேலதான் சுத்திகினு கீது.”

அதைச் சட்டமாகவே வைத்திருந்தார். அவர் கதையில் யாராவது செத்தால், அது உப்புமனிதனாகவே இருந்தாலும், அச்சடித்த பாரத்தை முறையாக நிரப்பி, இரண்டு சாட்சியிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் வாசிப்பார். கதையில் புதிதாக யாராவது வந்தாலும் அப்படியே. பிறந்த தேதி, தகப்பன் பேர், தாய் பேர் எல்லாம் எழுதியாக வேண்டும். வேறு விதமாக எழுத அந்த மனிதருக்குத் தெரியாது.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்களுடையது கடலோரக் குப்பம். அம்மா மீன் கூடையைச் சுமந்துகொண்டு சந்தைக்கு வருவாள், நான் சின்னக் கூடையோடு பின்னால் வருவேன். ராக்கெட்டில் ஏறினவர்கள் எல்லாரும் பையன்கள் என்பது எனக்கு ஆறாவது வாரமே எரிச்சலாக இருந்தது. எழுந்து கேட்டேன்.

“ஏன் முசே, பொட்டப் புள்ள ஒண்ணுகூட ஏறக்கூடாதா?”

“ஏறி இன்னா பண்ணப்போற? நிலாவுல மீன் விக்கவா?”

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

“வித்தா வாங்கறதுக்கு உங்க உப்பு ஆளுங்க கீறாங்க இல்ல? உப்பு அவங்க குடுக்கட்டும், மீன் நான் குடுக்கறன். கருவாடு போடலாம்.”

குமாஸ்தா உள்ளே போய் ரிஜிஸ்தரைப் புரட்டினார். கன்னியப்பன், முனியம்மா, அவர்கள் மகள் அஞ்சலை, பிறந்த தேதி இன்னது என்று குறித்துக்கொண்டு வந்தார். அடுத்த செவ்வாய் நான் ராக்கெட்டில் இருந்தேன். அந்த ஒரு வாரம் நான் தரையில் நடக்கவே இல்லை.

ஆனால் அந்தப் பெருமையில் நான் ஒரு காரியம் செய்தேன். குப்பத்துப் பிள்ளைகளுக்கு வாரம் முழுக்கக் கதையை நான்தான் சொல்வேன். அவர் நிறுத்தின இடத்தில் என்னால் நிறுத்த முடியாது, எனக்கு அந்த முத்திரை கிடையாதே. மேற்கொண்டு நானே சொல்லிவிடுவேன். அஞ்சலை மீன் கூடையோடு நிலாவில் இறங்குகிறாள். கூடையில் வடிகிற தண்ணீர் பட்டதும் உப்புமனிதர்கள் கரைகிறார்கள். உப்பு தண்ணீரில் கரையும் என்று எங்கள் குப்பத்தில் யாருக்குத் தெரியாது? என் கதை குப்பம் தாண்டி, ஏரிக்கரை தாண்டி, சந்தைக்கும் வந்துவிட்டது. ஒரு செவ்வாய் அவர் தாளைப் பிரித்து நாலு வரி வாசித்ததும் ஒருத்தி எழுந்தாள்.

“முசே, இது நல்லா இல்ல. அஞ்சல சொன்னதுதான் நல்லா கீது.”

“இன்னா சொன்னா அஞ்சல?”

சொன்னார்கள். மீன் தண்ணீர், உப்பு, கரைந்தது எல்லாம். குமாஸ்தா கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். காது இரண்டும் செவசெவ என்று ஆகிவிட்டது.

“நிலாவுக்கு எவளாவது மீன் கூட எடுத்துகினு போவாளா? இது விஞ்ஞானக் கதை! நாத்தம் புடிச்ச கதை இல்ல!”

அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. நாற்றம் பிடித்த கதையாம். அந்த நாற்றத்தில்தான் நாங்கள் சோறு தின்றோம்.

அடுத்த செவ்வாய் அவர் என்னைச் சாகடித்தார். காந்தச் சக்கரத்தைத் தேடி நீலப்பள்ளம் என்கிற பெரிய பள்ளத்தில் இறங்கினேனாம். சுற்றிலும் உப்புச்சுவர். கடைசிப் பானையும் காலியாம். கண் இருட்டிக்கொண்டு வந்ததாம். தொம்! பிள்ளைகள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இரண்டு பேர் அழவே ஆரம்பித்துவிட்டார்கள். நான் எழுந்து அவர் சைக்கிளின் முன்சக்கரக் காற்றைப் பிடுங்கிவிட்டு நடந்தேன். அதற்கு மேல் அன்றைக்கு எனக்குத் தெரிந்த தண்டனை இல்லை.

முறைப்படி சாவுப் பாரம் உண்டல்லவா? அதற்கு யாரிடம் சாட்சி வாங்கினார் தெரியுமா? காலையிலேயே என் அம்மாவிடம் போயிருக்கிறார். நான் கொட்டாய்க்குப் பின்னால் மீன் அலசிக்கொண்டிருந்தேன். அம்மா பிறகு தலையில் அடித்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“முனியம்மா, இங்க ஒரு கைநாட்டு வையி.”

“இன்னாத்துக்கு முசே?”

“ஒரு சாவுக்குச் சாட்சி.”

“ஐயோ, யாரு செத்தது?”

“நீலப்பள்ளத்துல ஒரு பொண்ணு. பதினோரு வயசு.”

“அடப் பாவமே! பெத்தவ எப்பிடித் தாங்குவாளோ” என்று சொல்லிக்கொண்டே, சங்கரா மீனை அரிந்துகொண்டிருந்த கையோடு, என் பெத்தவள் பெருவிரலை மையில் தோய்த்து என் சாவுக்குச் சாட்சி வைத்தாள். மேரியிலிருந்து வந்த தாள் எதற்கும் அவள் மறுத்ததில்லை. இரண்டாவது கையெழுத்து உப்புக்கடைக்காரர். அவர் உப்பு நிறுத்துக்கொண்டே போட்டாராம், தாளைப் பார்க்கவில்லையாம். நிலாவில் என்னைக் கொன்றதும் உப்பு, பூமியில் கையெழுத்துப் போட்டதும் உப்பு.

அதோடு கதையாகப் போயிருந்தால் நானும் வேறு சண்டைக்குப் போயிருப்பேன். ஆனால் அந்த வாரமே குமாஸ்தாவுக்கு அம்மை போட்டுவிட்டது. ஒரு மாதம் படுக்கை, அடுத்த செவ்வாய்க் கதை அப்படியே நின்றுபோனது. வருஷக் கடைசியில் பிறப்பு இறப்புத் தாளெல்லாம் டவுனுக்குப் போக வேண்டும். அவருக்குப் பதிலாக வந்த ஆள் மேஜையைப் பார்த்தான். பாரம் இருக்கிறது, பேர் இருக்கிறது, தகப்பன் தாய் இருக்கிறது, கைநாட்டு இருக்கிறது, முத்திரை இருக்கிறது. மற்றச் சாவுகளோடு சேர்த்துச் சிவப்பு நாடாவால் கட்டி அனுப்பிவிட்டான். பழைய பாரமும் புதுப் பாரமும் கலந்துதான் வந்துகொண்டிருந்தன, டவுனிலும் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. செத்த இடம் நீலப்பள்ளம் என்று இருந்தது. பாகூர்ப் பக்கம் ஏதோ குக்கிராமம் என்று நினைத்துக்கொண்டார்கள். காரணம், மூச்சுக்காற்று தீர்ந்தது. அது யாருக்குத்தான் பொருந்தாது?

அடுத்த வருஷம் எங்கள் குப்பத்தோரம் புது அரசாங்கம் ஒரு பள்ளிக்கூடம் திறந்தது. பன்னிரண்டு வயது வரைக்கும் சேர்த்துக்கொள்வோம் என்றார்கள். நான் தலைக்கு எண்ணெய் வைத்து, அம்மாவின் நீலப் புடவையைக் கிழித்துத் தைத்த பாவாடையைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றேன். வாத்தியார் என் பேரை எழுதிக்கொண்டு, பிறப்புச் சான்றுக்கு டவுனுக்கு எழுதிப்போட்டார். பதில் வந்த அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஏம்மா, உங்க வூட்ல உன்ன மாதிரியே இன்னொரு பொண்ணு இருந்துதா?”

“இல்லீங்களே.”

“அப்ப நீதாம்மா செத்துட்ட.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. செத்தவள் பேரைப் பதிவேட்டில் எழுத அவருக்கு அதிகாரம் இல்லையாம். பையன்களும் சின்னப் பெண்களும் உள்ளே அ, ஆ என்று கத்த, நான் வாசலில் அந்தப் பாவாடையோடு நின்றேன். அந்த வாசலை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. ஐயா, அம்மா, நான் சோம்பேறியாக இருந்து படிக்காமல் போனவள் இல்லை. எனக்குப் படிப்பு வராமலும் இல்லை. செத்துப்போனதால் படிக்காமல் போனவள்.

அம்மா என்னை இழுத்துக்கொண்டு மேரிக்குப் போனாள். பதிலை வாசித்த குமாஸ்தாவுக்கு அம்மைத் தழும்பெல்லாம் வெளுத்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“அது கதை, முனியம்மா.”

“கதைன்னா இப்பவே போயி டவுன்ல சொல்லு, முசே!”

அங்கேதான் அவர் பின்வாங்கினார். போய்ச் சொன்னால், கொளுத்தச் சொன்ன பாரத்தில் கதை எழுதினார், கொளுத்தச் சொன்ன முத்திரையைக் குத்தினார் என்று வேலை போய்விடும். ஆகவே அந்த மகாவீரர், ஒற்றை ஆளாக நிலாவுக்கு ராக்கெட்டு விட்டவர், அரியாங்குப்பம் ஆற்றைத் தாண்டி டவுனுக்குப் போகப் பயந்தார். அதற்குப் பதிலாக பின்கட்டுப் பாரங்களையெல்லாம் இறக்கிப்போட்டு இரண்டு நாள் தேடினார்.

“பொறந்ததுக்குப் பாரம் கீது. கட்டிகினதுக்குக் கீது. செத்ததுக்குக் கீது. திரும்பி வந்ததுக்கு இல்லியே!”

பிறகு ஒரு யோசனை சொன்னார். “புதுசா பொறந்ததா எழுதிடலாம் முனியம்மா. வயசு கொஞ்சம் கொறையும். அவ்வளவுதானே?”

“பன்னெண்டு வயசுல தொட்டில் கட்டச் சொல்றியா?”

“இல்லன்னா கண்ணாலம் கட்டிகினதா ஒரு பாரம் போட்டுடலாம். கட்டிகினா உசுரோட கீறான்னுதானே அர்த்தம்?”

அம்மா கூடையில் தேங்கியிருந்த மீன் தண்ணீரை அப்படியே அந்தக் கறுப்புக் கோட்டின் மேல் ஊற்றினாள். உப்புமனிதனாக இருந்திருந்தால் அங்கேயே கரைந்திருப்பார். கரையவில்லை. நாங்களே டவுனுக்குப் போய் மனு எழுதிக் கொடுத்தோம். அங்கே ஒரு குமாஸ்தா ரிஜிஸ்தரைப் பார்த்துவிட்டு, மனு கொடுத்தவர் இறந்துவிட்டதால் மனு செல்லாது என்று திருப்பித் தந்தான். தாளை என் கையிலேயே கொடுத்தான்.

மூன்று வருஷம். செவ்வாய்க்கிழமை தவறாமல் மேரி வாசலில் நின்று நான் அவரைத் திட்டினேன். எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை, வேறு என்ன வேலை? சந்தைக்கு வந்த பிள்ளைகள் ஒன்றுகூடப் புங்கமரத்தடிக்குப் போகவில்லை. செத்தவளை நேரில் பார்த்துக்கொண்டே கதை கேட்க யாருக்கும் மனசு வரவில்லை. அவரும் எழுதுவதை விட்டுவிட்டார். சைக்கிளுக்குக் காற்று மட்டும் அடித்துக்கொண்டிருப்பார். நான் திட்டித் திட்டி வாய் ஓய்ந்ததும், உள்ளேயிருந்து ஒரு சொம்பு தண்ணீர் வரும். குடித்துவிட்டு மறுபடியும் திட்டுவேன்.

ஒரு செவ்வாய் நான் போய் வாயைத் திறப்பதற்குள் அவர் பிறப்பு ரிஜிஸ்தரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அஞ்சல, இன்னிக்கி உனக்குப் பதினாலு.”

பதினாலு ஆனால் புங்கமரத்தடியில் இடம் கிடையாது என்பது அவர் சட்டம். எனக்கு அது ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தின் பன்னிரண்டும் ஞாபகம் வந்தது.

“செத்தவளுக்கு ஏது முசே வயசு?” என்றேன்.

அன்றைக்கு நான் அதற்கு மேல் திட்டவில்லை. திரும்பி நடந்தேன். பின்னால் ரிஜிஸ்தர் மூடுகிற சத்தம் கேட்டது, கொஞ்ச நேரத்தில் புஸ் புஸ் என்று காற்றடிக்கிற சத்தம். மறுநாள் காலையில் அவர் குப்பத்துக்கு வந்து நின்றார். கோட்டுப் பை இரண்டும் தாளால் புடைத்திருந்தது.

“முனியம்மா, கௌம்பு. டவுனுக்குப் போறோம்.”

கோர்ட்டில் கண்ணாடி போட்ட ஒரு வயதான ஜட்ஜ் ஐயா இருந்தார். சாவுப் பாரத்தை எடுத்துவரச் சொன்னார். மூன்று வருஷமாகியும் அதில் என் அம்மாவின் கைநாட்டுக்குப் பக்கத்தில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. அவர் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“நீதான் எறந்துபோன பொண்ணா?”

“கிள்ளிப் பாருங்க” என்றேன்.

குமாஸ்தா எழுந்து, இது சாவு இல்லை, நாவல் என்றார். கோர்ட்டில் சிரிப்பு கிளம்பியது. நிரூபிக்க முடியுமா என்றார் ஜட்ஜ் ஐயா. முடியும் என்று சொல்லி, முதல் அத்தியாயத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

சாராய ராக்கெட்டு ஏரிக்கரையிலிருந்து கிளம்பினபோது பத்துப் பேர் இருந்தார்கள். உப்புமனிதர்கள் நறநற என்று நடந்தபோது, பக்கத்து அறை வழக்கை விட்டுவிட்டு வக்கீல்கள் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். சாப்பாட்டு வேளை வந்தது, ஒருத்தரும் எழவில்லை. நீலப்பள்ளம் வந்தது, கடைசிப் பானை காலியானது, என் கண் இருட்டியது. முத்திரை கையில் இல்லாததால் முஷ்டியால் மேஜையில் ஓங்கிக் குத்தினார். தொம்!

“அப்புறம்?” என்றார் ஜட்ஜ் ஐயா.

“அடுத்த செவ்வாக்கெழம, முசே” என்றார் குமாஸ்தா, பழக்க தோஷத்தில்.

கோர்ட்டே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. ஜட்ஜ் ஐயா மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கதைன்னு ஒத்துக்கறேன். ஆனா கதையிலயும் இந்தப் பொண்ணு செத்துதானே போச்சு? அப்ப சாகடிக்கணும்னுதானே பாரத்த நிரப்பியிருக்கீங்க?”

குமாஸ்தா கோட்டின் உள்பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். நாலாக மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. மேலே தேதி இருந்தது. என் சாவுப் பாரத்தில் இருந்த அதே தேதி. என்னைச் சாகடித்த அன்று சாயங்காலமே எழுதியிருக்கிறார். வாசித்தார். நீலப்பள்ளத்தில் அஞ்சலை கண்ணை மூடுகிற நேரத்தில் அவள் இடுப்பிலிருந்த மீன் கூடை சரிகிறது. கூடைத் தண்ணீர் உப்புச்சுவரின் மேல் கொட்டுகிறது. சுவர் கரைகிறது. ஆயிரம் வருஷமாக உப்புக்குள் அடைபட்டிருந்த காற்று, ஏரி மதகைத் திறந்த மாதிரி, குபீரென்று வருகிறது...

நான் கோர்ட்டில் எழுந்து நின்று கத்தினேன். “ஐயா, அது என் கதை! நாத்தம் புடிச்ச கதைன்னு சொன்னாரு! திருடிட்டாரு!”

“ஆமா” என்றார் குமாஸ்தா, என்னைப் பார்க்காமல். “அவளோடதுதான். அதுதான் நல்லா இருந்துது.”

அஞ்சலை உயிரோடு இருக்கிறாள் என்று ஜட்ஜ் ஐயா என் பிறப்புப் பக்கத்தின் ஓரத்தில் எழுதச் சொன்னார். பாரத்தைக் கோர்ட்டு வைத்துக்கொண்டது. கதைத் தாள்களை, சம்பந்தப்பட்டவள் என்று, என் கையில் கொடுத்துவிட்டார்கள். அந்த மாதமே குமாஸ்தாவுக்கு வேலை போய்விட்டது.

இப்படி ஒரு தாளை மூன்று வருஷம் உள்பையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் என் திட்டைக் கேட்டிருக்கிறார். இதற்கு நான் இரக்கப்பட வேண்டுமாம், அம்மா சொன்னாள். ஏன் இரக்கப்பட வேண்டும்? முதல் வருஷமே எடுத்து நீட்டியிருந்தால் நான் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பேன். பதினாலு வயதில் போய்க் கேட்டேன். வயது தாண்டிவிட்டது என்றார்கள். செத்திருந்தபோதும் சேர்க்கவில்லை, பிழைத்து வந்தபோதும் சேர்க்கவில்லை.

வீட்டில் இருந்தது அந்தத் தாள் கட்டு ஒன்றுதான். கதை முழுக்க எனக்கு மனப்பாடம். மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தேன். இந்த இடத்தில் ராக்கெட்டு வர வேண்டும், அப்படியானால் இது ரா. இந்த இடத்தில் என் பேர் வர வேண்டும், அப்படியானால் இது அ. இரண்டு மழைக்காலம் ஆனது. நான் படித்தேன் என்றால் நான் செத்த கதையில்தான் படித்தேன். அதனால்தான் இன்றைக்கும் மெதுவாக எழுதுகிறேன். யாரைத் திட்டுவது என்று நீங்களே சொல்லுங்கள்.

வேலை போன குமாஸ்தா சந்தை முனையில் ஒரு சைக்கிள் கடை போட்டார். காற்றடிக்கத்தானே அவருக்கு வரும்? கோட்டைக் கழற்றவில்லை. முதுகில் அந்த மீன் தண்ணீர்க் கறையும் போகவில்லை. அம்மாவுக்குப் பிறகு நான் கூடை எடுத்தேன். செவ்வாய்க்கிழமை நான் அந்த முனையைத் தாண்டும்போது அவர் பம்பை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

“காத்து கீதா, அஞ்சல?”

“உங்களத் திட்றதுக்கு வேண்டிய காத்து கீது, முசே.”

“அது போதும்” என்று மறுபடியும் புஸ் புஸ் என்று அடிப்பார். ஒரு செவ்வாய் தவறியதில்லை. எனக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளை பிறந்து, நரைக்க ஆரம்பித்த பிறகும் இந்தப் பேச்சு மாறவில்லை. இரண்டு பேரும் இதைத் தவிர வேறு எதுவும் பேசிக்கொண்டதும் இல்லை.

ஒரு வருஷம் மழைக்காலத்தில் கடை மூன்று நாள் திறக்கவில்லை. நாலாம் நாள் சந்தையில் நான் மீன் அரிந்துகொண்டிருந்தேன். ஆபீசிலிருந்து ஒரு பையன் சாவுப் பாரத்தோடு வந்தான். சைக்கிள் கடைப் பெரியவருக்கு உறவுக்காரர் யாரும் இல்லை, சாட்சிக்கு ரெண்டு பேர் வேணும், வாரா வாரம் பார்த்தவங்க நீங்கதான், ஒரு கையெழுத்துப் போடுங்க ஆயா என்றான்.

கையைத் துடைத்துக்கொண்டு பாரத்தை வாங்கிப் பார்த்தேன். என்னால் படிக்க முடிந்தது. அவர் பேர், தகப்பன் பேர், ஊர், எல்லாம் விரல் வைத்துப் படித்தேன். காரணம் என்ற இடத்தில் என்னவோ இங்கிலீஷில் எழுதியிருந்தது. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

“வேற ஆளப் பாரு, போ.”

யாரோ இரண்டு பேர் போட்டிருப்பார்கள். அது அவர்கள் பாடு. சாட்சி இல்லாத சாவு சாவே இல்லை என்று சொன்னவர் அந்த மனிதர்தான். என் கையெழுத்து அந்தப் பாரத்தில் இல்லை.